யானை ஸ்பூனுக்கு வைத்த சோதனை

பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கடுக்காகப் படியவைத்துப் பொருள் செய்யும் இயந்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்கள். அதை வாங்கிவந்து வீட்டிலேயே கரண்டி செய்தவரைப் பாராட்டுவார்கள். அந்தக் கரண்டியைக் கழுவப்போகிறவளை மட்டும் எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த வீட்டிலும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கிருமிகளோடு மாரடிக்கிறவள்.

கணவர் கட்டட வரைபடம் போடுகிறவர். அகப்பையும் வடிதட்டுமாக அடுக்களையை நிரப்பியவர், மகளுக்கென்று யானைத்தலை வைத்த ஸ்பூன் ஒன்றும் செய்தார். குழந்தைக்கு மறுவாரம் திட உணவு தொடங்க வேண்டும்.

"இது அவ வாய்க்குள்ள போகாது" என்றாள்.

"ஏன்டி? உணவுக்கு ஆகும்னு இழை வந்த டப்பாலயே போட்டிருக்கு!"

"நகத்தால கீறிப் பாருங்க. வரிவரியாப் பள்ளம். கிருமிக்கு வரிசை வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க."

"கொதிக்கிற தண்ணியில போட்டு எடு, செத்துப்போகும்!"

போட்டாள். கிருமி செத்ததோ இல்லையோ, யானை இளகித் தலை கவிழ்ந்தது.

"சரி, வேற ஒண்ணு செஞ்சு, உணவுக்கு ஆகற ரெசின் பூசறேன். பள்ளம் மூடிடும். என்ன சோதனை வேணா வை!"

"தினமும் கஞ்சியில போட்டு, கழுவி, பஞ்சால துடைச்சு, அந்தப் பஞ்சை லேபுக்கு எடுத்துட்டுப் போறேன். ஆனா கழுவறது நீங்கதான். நான் கழுவினா, வேணும்னே சரியாக் கழுவலன்னு சொல்லுவீங்க."

"நியாயம்தான்."

"ஒப்பிட்டுப் பார்க்க எவர்சில்வரும் வேணும். அதையும் அதே கை கழுவணும்."

"எந்த எவர்சில்வர்?"

"வீட்டுல இருக்கறதெல்லாம்."

அறிவியலுக்காக மனிதர் கைலியை மடித்துக் கட்டினார். முதல் வாரம் தும்பிக்கை மடிப்பில் கிருமி. தும்பிக்கையை நீக்கினார். இரண்டாம் வாரம் காதுக்குப் பின்னால். மூன்றாம் வாரம் யானையே இல்லை. கிருமி மட்டும் இருந்தது. இதற்குள் மகள் எவர்சில்வர் ஸ்பூனில் கஞ்சி குடித்துக் கன்னம் உப்பியிருந்தாள்.

"அவளுக்கு இதுவே போதும்டி" என்றார், குரல் இறங்கி.

அவளுக்கே பாவமாகிவிட்டது. "உங்க அகப்பையை அரிசி அள்ள வெச்சுக்கறேங்க. ஈரம் படாத வேலைக்கு அது அருமை." பொய்யில்லை.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப சோதனை முடிஞ்சுதா?"

"ஸ்பூனுக்கு முடிஞ்சுது. ஆனா உங்க கை பட்ட எவர்சில்வர் ஒருநாள் விடாமத் தேறிட்டிருக்கு. நல்லா வர்ற முடிவை யாராவது கலைப்பாங்களா?"

அதன்பின் அவள் பாத்திரம் கழுவவில்லை. மாலைகளில் படித்துத் துறைத்தேர்வில் தேறினாள்; அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இன்று அவள்தான் தலைமை.