ஆத்திரமா, அடைப்பா?

ஜார்ஜ் டவுன், பினாங்கு
வியாழக்கிழமை

என் மனைவியின் மூத்த சகோதரரும், என் மகள் காமினியின் தாய்மாமனும், தைப்பிங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான மதிப்பிற்குரிய மச்சான் திருநாவுக்கரசு அவர்களுக்கு, சாதிக்காய் வியாபாரி குணாளன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் உங்கள் வீட்டு அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஆகவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் நலம். படுத்துக்கொண்டே பாலிக் புலாவ் தோட்டக்காரரிடம் விலை பேசினேன் என்று என் கைப்பேசியைக் காமினி பிடுங்கிக்கொண்டாள். அதனால்தான் காகிதம்.

காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவசர சிகிச்சை நிபுணர் படிப்புக்குக் காமினிக்கு இடம் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லவேண்டும், நீங்கள் பேசி அவள் மனத்தைக் கலைத்துவிடுங்கள் என்று போன வாரம் உங்களிடம் கேட்டேன் அல்லவா? வேண்டாம் மச்சான்! பேசாதீர்கள்! பேச வாயெடுத்திருந்தால் பாதியில் விழுங்கிவிடுங்கள். அவள் அந்தப் படிப்பைத்தான் படிக்கவேண்டும்!

போன வாரம் எனக்கு வியாபாரப் புத்தி. தோல் டாக்டர் என்றால் சொந்தக் கிளினிக், வாசலில் பெயர்ப்பலகை, ஒரே ஆள் ஒரே அரிப்போடு முப்பது வருஷம் வருவான். அவசரப் பிரிவு டாக்டருக்கு நிரந்தர வாடிக்கையாளரே கிடையாது. வந்தவனை இரண்டு மணி நேரம் பார்த்து, இதயத்துக்கு, எலும்புக்கு என்று பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். இது ஒரு தொழிலா என்று நினைத்தேன். என் பெண்ணுக்கு இந்த ஆசையை ஊட்டியது அவளுடைய மேலதிகாரி டாக்டர் லோகேஸ்வரி என்று தெரிந்ததும், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திங்கட்கிழமை காலை, காமினிக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, நேரே அவர்கள் வேலை பார்க்கும் அவசரப் பிரிவுக்குப் போனேன். மூன்று நாளாக நெஞ்சில் வாயுப் பிடிப்பு. நம் கடைச் சாதிக்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசிக்கொண்டுதான் கிளம்பினேன்.

முகப்பில் ஹஸ்ருல் என்ற மருத்துவ உதவியாளர். "சாக்கிட் மானா, அங்கிள்?" எங்கே வலி என்கிறான். நான் எரிச்சலில், "சாக்கிட் ஹாத்தி!" என்றேன். சொல்லுக்குச் சொல் மனவலி, அர்த்தம் ஆத்திரம். கோபமாக வந்திருக்கிறேன் என்று மலாயில் சொன்னேன், அவ்வளவுதான். அவன் சிரித்தான். சிரித்தவன் என் நெற்றி வேர்வையைப் பார்த்தான், சட்டைமேல் இருந்த என் கையைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஹாத்தியா, டாடாவா?" என்று கேட்டான். ஆத்திரமா, நெஞ்சுவலியா என்று அர்த்தம். எனக்கு இன்னும் கோபம். "டுவா-டுவா லா!" இரண்டும்தான்டா என்று கத்தினேன். மச்சான், அந்த ஒரு வார்த்தைதான்! சக்கர நாற்காலி எங்கிருந்து வந்ததென்று தெரியாது, உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் சிவப்பு மண்டலத்துக்குள் நான் உருண்டுகொண்டிருக்கிறேன்.

"எறக்கி விடுங்கடா, நான் சண்டை போட வந்தவன்! லோகேஸ்வரின்னு ஒரு டாக்டரப் பாக்கணும்!"

"நான்தாங்கய்யா. சண்டை போடுங்க. போட்டுக்கிட்டே கைய நீட்டுங்க, ஊசி போடணும்."

நெஞ்சுத் துடிப்பைப் படமெடுக்க ஒட்டும் வில்லைகள் ஒன்றுகூட என்மேல் ஒட்டவில்லை. எண்ணெயில் வழுக்கி வயிற்றுக்கு வந்துவிட்டன. "என்னா டாக்டர் இது, அங்கிள ஊறுகா போட்டு வச்சிருக்காங்க?" என்று தாதி சாந்தினி துடைத்துத் துடைத்துக் களைத்தாள். டாக்டரம்மா குனிந்து ஒருமுறை முகர்ந்தார். "சாதிக்கா எண்ணெ, பழசும் புதுசுமா வாடை அடிக்குது. மூணு நாளாப் பூசுறீங்களா? அப்ப மூணு நாளா வலி. ஏன்யா சொல்லல?" என்றார். நாற்பது வருஷமாகச் சாதிக்காயை முகர்ந்தே உள்ளே பூச்சி இருக்கிறதா என்று சொல்கிறவன் நான். என்னை முகர்ந்தே நோயைச் சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன்! பத்து நிமிஷத்துக்குள் படம் வந்தது. இதயக் குழாயில் அடைப்பு, சந்தேகமே இல்லை. அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் போட்டுக்கொண்டே, வலப்பக்கம் மூச்சுக்குத் தவிக்கிற சீனப் பெரியவருக்கு ஒரு உத்தரவு, இடப்பக்கம் கட்டைவிரலில் தூண்டில் மாட்டிய மீனவருக்கு ஒரு அதட்டல், நடுவில் என்னைப் பார்த்து, "ம், சண்டைய நிறுத்திட்டீங்க? பேசுங்க, மயங்கிடக் கூடாது!" முன்கூட்டிச் சொல்லாமல் வருகிற சரக்கு, சீட்டு ஒட்டாத சரக்கு, வந்த நிமிஷமே தரம் பிரிக்கவேண்டும். தவறினால் ஆளே இல்லை. இதுவல்லவா தொழில் மச்சான்! நிரந்தர வாடிக்கையாளர் எதற்கு? மற்ற டாக்டர்களுக்கெல்லாம் வாடிக்கையாளரை உயிரோடு அனுப்பிவைப்பதே இவர்கள்தானே!

ஆகவே காமினியை அந்தப் படிப்பில் சேர்க்கிறேன், தீர்ந்தது. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு இரண்டு போத்தல் எண்ணெய் அனுப்புகிறேன், முழங்காலுக்கு மட்டும். தண்ணீர்மலை முருகன் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
குணாளன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது காமினி வந்தாள். "சேந்துக்கம்மா" என்றேன். ஓவென்று அழுதாள். "நேத்தே வேணாம்னு எழுதிக் குடுத்திட்டேம்ப்பா. தோலுக்கே போறேன்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒரு மணி நேரம் போனில் பேசினீர்களாமே? "நீ இதப் படிச்சா உங்கப்பனுக்கு நெஞ்சு அடைச்சிரும்" என்றீர்களாமே? மறுநாளே அடைத்துவிட்டதே! முப்பது வருஷமாக நீங்கள் சொன்ன ஒன்றும் பலித்ததில்லை, இதுவா பலிக்கவேண்டும்? டாக்டரம்மா அவள் கடிதத்தை நாளை மாலை ஐந்து மணிவரை மேலே அனுப்பாமல் வைத்திருக்கிறார். நான் எடுத்துச் சொன்னால் நோயாளி பேச்சு என்கிறாள் மகள். நீங்களே நேரில் வந்து, சும்மா மிரட்டினேன் என்று அவளிடம் ஒப்புக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தோடு நம் லாரிக்கார ஹைதரை அனுப்பியிருக்கிறேன். வண்டி காலியாகத் திரும்பக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏறுங்கள்.