மாடியறைக்கு வந்த வரி

அன்பும் அறிவும் மிகுந்த, கடிதத்துக்குப் பதில் போடும் பழக்கம் மட்டும் மிகாத என் அக்கா மகனுக்கு, வரி அலுவலகத்து மூன்று கால் பெஞ்சிலிருந்து மாமன் எழுதிக்கொள்வது. நீ அங்கே நலமாயிரு. என் நலம் மாலை ஐந்து மணிக்குத் தெரியும்.

ஒன்றரை மாதத்துக்கு முன் 'மாடியறை வாடகைக்கு' என்று பலகை மாட்டினேன். நீ நிமிர்ந்து நின்று நெற்றியைப் புடைத்துக்கொண்ட அதே தகரக்கூரை அறைதான். மறுநாளே ஒருவர் கோப்பும் கையுமாக வந்து மாடியைப் பார்க்க வேண்டும் என்றார். குடிவர வந்தவர் என்று நினைத்து வாயைத் திறந்தேன். ஏழு திசையிலிருந்தும் காற்று வரும், எட்டாவதைத் தூக்கம் கெடுமென்று நான்தான் அடைத்து வைத்திருக்கிறேன் என்றேன், மூன்று டாக்டர்கள் இதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்றேன், அரண்மனைக்காரர்களே யோசிக்கும்படி ஒரு வாடகையும் சொன்னேன். அவர் பணிவாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். வரி மதிப்பீட்டாளராம். பத்தே நாளில் நோட்டீஸ் வந்தது, வரி எட்டு மடங்கு. ஆனால் முதல் பக்கத்தில் 'உயர்தர வாடகைக் குடியிருப்பு, மாடியுடன்' என்று அரசாங்கமே அச்சடித்திருந்ததில் மயங்கி, அதைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேனே தவிர பின்பக்கம் திருப்பவில்லை. திருப்பியவள் உன் அத்தை, இன்று காலை. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் இதே வரிதான் நிலைக்குமாம். இன்று முப்பதாவது நாள். வீட்டை விற்றுத்தான் வீட்டு வரி கட்ட வேண்டும், மாப்பிள்ளை.

அத்தை குரலை உயர்த்தவே இல்லை. "உங்க வாய் கட்டின மாடிக்கு என் வளையலக் கேக்காதீங்க. உள்ளத உள்ளபடி எழுதி அஞ்சு மணிக்குள்ள குடுத்துட்டு வாங்க" என்றாள். உள்ளதை உள்ளபடி எழுதுவது எனக்கு என்ன பாடு என்று உனக்குத் தெரியாததா. நாலு காகிதம் கிழித்து, ஐந்தாவதில்தான் 'அறை சிறியது' என்று எழுதி முடித்தேன். சாட்சிக்கு அத்தையே அறையைப் படம் பிடித்துத் தந்தாள். இப்போது மணி நாலே முக்கால், எனக்கு முன்னால் ஆறு பேர். முதல் ஆசாமி ஜன்னலுக்குள் தலையை விட்டுத் தன் பாகப்பிரிவினையை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். குமாஸ்தா பேனாவை மூடுகிறார், திறக்கிறார், மறுபடி மூடுகிறார். எனக்கு வழியும் வேர்வையில் கப்பல் விடலாம். இதோ, ஒருவழியாக வரிசை நகர்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உனக்கு என் ஆசிகள். இவற்றுக்கு இன்னும் வரி போடவில்லை.

இப்படிக்கு,
ஐந்து மணி வரை வீட்டுக்காரனான
உன் மாமன்

பி.கு.: ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் வாங்கிக்கொண்டார்கள். அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரக்கப்பட்டு அங்கேயே உத்தரவு போட்டார். பழைய வரியைவிடவும் குறைவு. ஆனால் 'மாடியில் அறை ஏதுமில்லை, இருப்பது தட்டுமுட்டுச் சாமான் போடும் கொட்டகை' என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டார். இதைப் பொறுத்துக்கொண்டு ஒரு மனுஷன் தெருவில் நடமாட முடியுமா. எதிர்த்து முறையிடப் படிவம் வாங்கிவிட்டேன். அத்தைக்குச் சொல்லாதே.