லோட்டி வெளியேற்றச் சங்கம் (பதிவு பெற்றது)

ஒரு மனிதன் கணினி வாங்கும்போது அதற்குள் கணினி மட்டுமே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா, பேராசையா என்ற கேள்வி குறித்து எங்கள் சங்கத்தின் கூட்டப் பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் உள்ளன. அத்தனையும் என் கையெழுத்து. பெயர் ரைமர் ஹின்றிக்ஸ். நீதிமன்றப் பதிவகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பதிவேட்டில் இல்லாதது நடக்காதது என்பது என் கொள்கை. இருந்தாலும் நான் எழுதாமல் விட்ட சில விஷயங்கள் மனசை உறுத்துவதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் ஹார்ட்விக் ப்ரூன்ஸ் அவர்களால் வந்தது. நில அளவைத் துறையில் இருந்தவர். இருபத்தாறு வருடமாக என் பக்கத்து வீட்டுக்காரர். ஆகையால் இப்போதுதான் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தோம். அவருடைய அக்கா கெஸீனெ நார்வேயில் இருக்கிறாள். அம்மா இறந்தபோது வீட்டில் இருந்த பீங்கான் தேநீர்க் கெண்டியை அவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆறு கோப்பைகள் இவரிடம் தங்கின. அதற்காக இருவரும் பதினான்கு வருடம் பேசவில்லை. எங்கள் ஊரான ஓல்டெர்ஸீலில் தேநீர் விஷயத்தில் பதினான்கு வருடம் என்பது சின்ன மனஸ்தாபம்.

போன குளிர்காலத்தில் கெஸீனெயிடமிருந்து ஓர் அட்டை வந்தது. "ஞாயிறு நாலு மணி. கணினித் திரையில் வா. கோப்பையோடு." அவ்வளவுதான். ஞாயிறு நாலு மணி எங்கள் பக்கத்தில் தேநீர் வேளை. மற்ற வேளைகளில் கெஸீனெ தொலைபேசியை எடுக்க மாட்டாள். கேட்டால், பேச என்ன இருக்கிறது என்பாள். ப்ரூன்ஸ் மறுநாளே கணினி வாங்கிவிட்டார்.

முதல் ஞாயிறு கெஸீனெ திரையில் கெண்டியைத் தூக்கிக் காட்டினாள். இவர் கோப்பையை உயர்த்தினார். எங்கள் ஊர் முறைப்படி கற்கண்டு போட்டு, பாலாடை விட்டு, கலக்காமல் குடித்தார்கள். இரண்டாவது கோப்பையில் அக்கா தொண்டையைச் செருமினாள்.

"டேய் ஹார்ட்விக், இத ஒரு தடவதான் சொல்லுவேன். அந்தக் கெண்டிய நான் ஏன் எடுத்துட்டு வந்தேன்னா…"

அப்போது திரையின் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெண்பிள்ளை குதித்தாள்.

"ஹாய் ஹார்ட்விக்! நான் லோட்டி! உன் முகம் வாடியிருக்கே? மூச்சுப் பயிற்சி பண்ணலாமா?"

கீழே இரண்டு பொத்தான்கள். 'ஆம்', 'அப்புறம்'. வேண்டாம் என்று ஒன்று இல்லை. லோட்டி பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக எதிராளியின் குரலைத் தானாகவே தாழ்த்திவிடும் ஏற்பாடும் இருந்தது. ப்ரூன்ஸ் கண்ணாடியைத் தேடி, 'அப்புறம்' என்பதைத் தேடி, அழுத்தி முடிப்பதற்குள் அக்கா சொல்லி முடித்திருந்தாள்.

"…அவ்வளவுதான். மனசு லேசாயிடுச்சு."

"அக்கா, காதுல விழலக்கா. இன்னொரு தடவ…"

"பதினாலு வருஷம் கழிச்சு வாயத் தொறந்து சொல்றேன், காதுல விழலயாம்!" என்று அவள் திரையை அணைத்துவிட்டாள்.

இதை வேலியோரம் நின்று ப்ரூன்ஸ் என்னிடம் சொன்னார். "அவ ரெண்டாவது தடவையும் சொல்லுவா, எனக்குத் தெரியும். ஆனா மூணாவது தடவ கிடையாது. அதுக்குள்ள இந்தச் சனியன வெளிய அனுப்பியாகணும் ஹின்றிக்ஸ். அதுவும், நில அளவைத் துறையில முப்பத்தெட்டு வருஷம் இருந்தவன நீ, வா, போங்குது!"

மறுநாள் அவர் கணினியின் உள்ளே போய்ப் பார்த்தார். பதினோரு பேர் குடியிருந்தார்கள். ஒரு மீன்பிடி விளையாட்டு, ஒரு கேக் செய்முறைப் புத்தகம், ஓல்டெர்ஸீலில் இருப்பவனுக்கு லிஸ்பன் நகரத்து வானிலையைத் தினமும் சொல்லும் ஒரு செயலி, இப்படி. பத்துப் பேரை 'நீக்கு' என்ற பொத்தானை அழுத்தி வெளியே அனுப்பினார். வியாழக்கிழமை கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. பத்துப் பேரும் திரும்பி வந்தார்கள், கூட ஒருவனை அழைத்துக்கொண்டு. பதினோராவது ஆளான லோட்டிக்கு மட்டும் 'நீக்கு' பொத்தான் சாம்பல் பூத்துக் கிடந்தது. பக்கத்தில், 'லோட்டியை நீக்க லோட்டியிடம் கேள்' என்று எழுதியிருந்தது. அவர் கேட்டார். லோட்டி மூச்சுப் பயிற்சி சொன்னாள்.

கணினி நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு மனிதக் குரல் கிடைத்தது.

"சார், லோட்டிங்கிறது செயலி இல்ல சார். வசதி."

"எனக்கு அந்த வசதி வேண்டாமே."

"வேண்டாங்கிறவங்களுக்காகத்தான் சார் அத நீக்க முடியாத மாதிரி வச்சிருக்கோம். வேணுங்கிறவங்க எப்படியும் நீக்க மாட்டாங்களே?"

ப்ரூன்ஸ் யோசித்துப் பார்த்தார். அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு நகராட்சியின் நுகர்வோர் நலப் பிரிவுக்குப் போனார். மேற்படி பிரிவு செவ்வாய்தோறும் ஒன்பது முதல் பதினொன்று வரை பொதுமக்களின் குறைகளைக் கனிவுடன் கேட்கும்.

"புகார் பொதுவானதா, உங்களோடதா?" என்றார் அதிகாரி.

"என்னோடதுதாங்க."

"தனி ஆளுக்குப் படிவம் இல்லையே. பதிவு பெற்ற சங்கம்னா படிவம் இருக்கு. நல்ல படிவம். மூணு நகல்."

"ஒருத்தனோட கணினிக்கு எதுக்குங்க சங்கம்?"

"அதனாலதான் சட்டம் ஏழு பேருங்குது" என்றார் அதிகாரி, மிகுந்த பொறுமையோடு.

எங்கள் நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். மூன்று பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கும் பேச்சு. மூன்றே நாளில் பதினெட்டுப் பேர் கிடைத்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஓஸ்டர்காம்ப் அம்மையார் தலைவி ஆனார். அவர் கையில் சிறு மணி இருந்ததால் போட்டி இல்லை. பல் டாக்டர் யான்ஸென் துணைத் தலைவர். நான் செயலாளர். பழைய மதுக்கடையின் பின்னறை ஞாயிறு நாலு மணிக்கு மட்டும்தான் காலி என்பதால், கூட்டம் வாராவாரம் ஞாயிறு நாலு மணிக்கு என்று தீர்மானிக்கப்பட்டது.

ப்ரூன்ஸ் எழுந்தார். "மன்னிக்கணும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நான் அக்காகூடப் பேசுவேன். அதுக்காகத்தானே இந்தச் சங்கமே…"

"தனிப்பட்ட விஷயத்த எல்லாம் சபையில கொண்டு வராதீங்க ப்ரூன்ஸ் சார்" என்று தலைவி மணி அடித்தார். "சங்கத்தோட ஸ்தாபக உறுப்பினர் நீங்க. நீங்களே வரலன்னா நல்லாவா இருக்கும்?"

லோட்டி போகும்வரைதானே என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

முதல் மூன்று கூட்டங்கள் விதிமுறைகளுக்குப் போயின. நான்கும் ஐந்தும் சங்கச் சின்னத்துக்கு. ஆறாவதில் 'வேண்டாத' என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. பேக்கரி நடத்தும் அனெட்டெ அதை எதிர்த்தாள். "லோட்டிய மொத்தமா விரட்டணுமா? தெனம் சாப்டியான்னு கேக்குது. எங்க வீட்டுக்காரர் பதினேழு வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்ல." இது அவள் கணவர் கேட்டுக்கொண்டபடி பதிவேட்டில் சேர்க்காமல் விடப்பட்டது.

நகராட்சிக்கு மூன்று நகல் போனது. நிறுவனத்துக்கு ஃபேக்ஸ் போனது. நாலு மாதம் கழித்து முதல் வெற்றி வந்தது: லோட்டி இனி அறுபது வயதுக்கு மேற்பட்டோரைத் 'தாங்கள்' என்று அழைப்பாள். கைதட்டலில் பின்னறை அதிர்ந்தது. ப்ரூன்ஸ் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி நாலரை. நார்வேயில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்.

அதன் பிறகு பல் டாக்டர் யான்ஸென் சாதித்தார். ஓய்வு நேரத்தில் அவர் எழுதிய 'துடைப்பம்' என்ற செயலி லோட்டியையும் மற்ற பதினொரு பேரையும் ஒரே வீச்சில் வெளியே தள்ளியது. ஒரு வியாழன் கடந்தது, யாரும் திரும்பி வரவில்லை. ப்ரூன்ஸின் கண் கலங்கிவிட்டது. யான்ஸெனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப முடிஞ்சுது, இல்லையா டாக்டர்? இனி கூட்டம் கிடையாதே?"

"முடிஞ்சுதா? இப்பத்தான் சார் ஆரம்பம்! அதுங்க திரும்பி வராம காவல் இருக்கணும்ல? துடைப்பம் உள்ளயே இருக்கும். அப்பப்ப எட்டிப் பாத்து, சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டுப் போகும்."

அடுத்த வாரம் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. தங்கள் சங்கத்தின் மேலான சேவையைப் பாராட்டி, இனி வெளிவரும் ஒவ்வொரு கணினியிலும் துடைப்பத்தை நாங்களே உள்ளே வைத்து அனுப்பச் சித்தமாக உள்ளோம். யாரும் தவறுதலாக நீக்கிவிடாதபடி பார்த்துக்கொள்வோம். சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால் போதும். தலைவி படித்து முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்றோம். இந்தச் சின்ன ஊருக்கு இப்படி ஒரு கௌரவம் வந்ததில்லை. நானும் அழுதேன், மறைக்கவில்லை.

ப்ரூன்ஸ் உட்கார்ந்தே இருந்தார். "ஒரு சந்தேகம். துடைப்பம் வேண்டாம்னு நெனைக்கிறவன் என்ன பண்ணுவான்?"

எல்லாத் தலைகளும் யான்ஸென் பக்கம் திரும்பின.

"தொடப்பத்த எவனாவது வேண்டாம்பானா?" என்றார் யான்ஸென், மனசு நொந்து. "வீடு குப்பையாயிடாதா?"

"'வேண்டாம்'னு ஒரு பொத்தானாவது வைங்களேன்."

"வேண்டாங்கிறவங்களுக்காகத்தான் அத நீக்க முடியாத மாதிரி…" என்று தொடங்கிய தலைவி, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்பதுபோல ஒரு கணம் நின்றார். பிறகு மணியை அடித்தார். அதற்குள் முப்பத்தொன்பது பேராக வளர்ந்திருந்த சங்கத்தில், வாக்கெடுப்பின்போது முப்பத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. ப்ரூன்ஸின் கை மட்டும் மடியில் கிடந்தது. ஏகமனம் இல்லாததால் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. வெளியே வரும்போது அவருக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. நானும்தான்.

அவர் விலகல் கடிதம் கொடுத்தார். விலகுவோர் செப்டம்பர் முப்பதுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அன்று அக்டோபர் இரண்டு. ஆகவே அடுத்த வருடம் டிசம்பர் கடைசி வரை அவர் உறுப்பினர் என்று பதில் எழுதினேன். கூட்டத்துக்கு வராமல் இருக்கலாமா என்று கேட்டார். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் இருக்கலாம் என்றேன். அந்த விதியை வரைந்தவனும் நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வெள்ளிக்கிழமை அவர் யான்ஸெனிடம் போய், வலியே இல்லாத ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு சான்றிதழ் வாங்கினார்.

நோயுற்ற உறுப்பினரைச் செயலாளர் பூங்கொத்துடன் நேரில் கண்டு நலம் விசாரிக்க வேண்டும் என்பது பதினான்காம் விதி. அதனால் அந்த ஞாயிறு நாலு மணிக்கு நான் அவர் வீட்டில் இருந்தேன். அவர் ஒரு கன்னம் வீங்கி, கையில் கோப்பையோடு திரைமுன் உட்கார்ந்திருந்தார். கெஸீனெ வந்தாள்.

"எங்கடா போயிருந்த இத்தன மாசம்?"

"சங்கத்துக்குக்கா."

"என்ன சங்கம்?"

"உன்கூடத் தொந்தரவில்லாமப் பேசறதுக்கு ஒரு சங்கம்."

அவள் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தாள். "கன்னம் என்னடா வீங்கியிருக்கு?"

"பல்லு. பிடுங்கிட்டாங்க."

"லூசுப் பயலே" என்றாள். ஆனால் குரல் இளகியிருந்தது. "சரி, கேளு. இதுதான் கடைசித் தடவ. அந்தக் கெண்டிய நான் ஏன் எடுத்துட்டு வந்தேன்னா…"

திரையின் நடுவில் துடைப்பம் எழுந்தது. 'வணக்கம். தங்கள் கணினி தூய்மையாக உள்ளது என்பதைப் பெருமகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்களுடன் உரையாடுபவரையும் சங்கத்தில் சேர அழைத்துள்ளோம்.' கீழே இரண்டு பொத்தான்கள். 'ஆம்', 'அப்புறம்'. அறிவிப்புத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கெஸீனெயின் குரல் தானாகத் தாழ்ந்தது.

அது போனபோது அவள் சொல்லி முடித்திருந்தாள். ப்ரூன்ஸ் என் பக்கம் திரும்பினார். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹின்றிக்ஸ், நீங்க திரைக்குப் பக்கத்துல இருந்தீங்க. மெதுவாவாவது கேட்டிருக்குமே? என்ன சொன்னா?"

எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அந்த வாசகம் நான் எழுதியது. அச்சுப்பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை இல்லை.

நார்வேயில் கெஸீனெ முகத்தின் முன்னால் வந்து நின்ற அழைப்பை விரட்டுவதற்காக 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறாள். நாற்பதாவது உறுப்பினராக அவளை வரவேற்றுக் கடிதம் எழுதினேன். வெளிநாட்டு உறுப்பினர்கள் கூட்டத்தில் சுவரிலுள்ள திரை வழியாகக் கலந்துகொள்ள வேண்டும், குரலை அணைத்துவைக்க வேண்டும், வருகை கட்டாயம்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு கெஸீனெ சுவரில் இருந்தாள். ப்ரூன்ஸ் மூன்றாவது வரிசையில் இருந்தார். அம்மாவின் கோப்பைகளில் ஒன்றைக் கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். தலைவி ஒத்திவைத்த தீர்மானத்தைப் படித்து, ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார். அதே சமயம் நார்வேயில் தேநீர் வேளை. கெஸீனெ வழக்கம்போல் கெண்டியைத் தூக்கிக் காட்டினாள். அவளைப் பார்த்ததும் ப்ரூன்ஸின் வீங்கிய முகம் மலர்ந்தது. கோப்பையை உயர்த்தினார்.

"நாப்பது!" என்றார் தலைவி. "ஏகமனதா நிறைவேறுது."

அது வாக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். தலைவி எண்ணினார், நான் எழுதிக்கொண்டேன்.