பி.டி.ஓ. சொன்ன நாலு வரி

கையில் கிடைத்த தாளைத் திருப்பிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காத மனிதர், ஓசூர் சிப்காட் முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவர்தான். எங்கள் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவின் குமாஸ்தா. எந்தத் தாளானாலும் அடியில் 'பி.டி.ஓ.', அதாவது பின்பக்கம் பார்க்க, என்று எழுதுவார். பின்பக்கம் காலியாக இருந்தால் அங்கே 'காலி' என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார். கல்யாணப் பத்திரிகையைக்கூட விட்டதில்லை. கடைசியில் அவர் பெயரே பி.டி.ஓ. ஆகிவிட்டது.

வேப்பனப்பள்ளியிலிருந்து என்னைப் பார்க்க வந்த மாமா, இவரை வட்டார வளர்ச்சி அதிகாரி என்றே நம்பி, தெருக்குழாய் கேட்டு மனு நீட்டிவிட்டார். இவரும் மறுக்கவில்லை. திருப்பிப் பார்த்தார். "ஊர்க்காரங்க கையெழுத்து எங்கப்பா? பின்னாடி வாங்கினு வா" என்றார். மாமா வாங்கிக்கொண்டுபோய் நிஜ பி.டி.ஓ.விடம் கொடுத்தார். குழாய் வந்துவிட்டது.

ஒருமுறை கர்நாடகத்தில் அத்திப்பள்ளி தாண்டி எங்கள் லாரியை மடக்கினார்கள். பில்லில் முத்திரை இல்லையாம். முத்திரை இருந்தது பின்பக்கத்தில். இவர் டிரைவரின் போனிலேயே, "ஹிந்தே நோடி சார், ஹிந்தே!" பின்னால் பாருங்கள் என்று கன்னடத்தில் கத்தினார். அந்த அதிகாரி பதறிப்போய்த் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாராம்.

நான் வேலையை விட்டு இங்கிலாந்துக்குப் போய் முதுகலை முடித்தேன். அங்கேயே தங்கி வேலை பார்க்கப் பட்டதாரி விசா கேட்டேன். மறுத்துவிட்டார்கள். உதவித்தொகை கொடுத்த அமைப்பின் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து இல்லை, ஆவணம் குறைகிறது என்றார்கள். பதினாலு நாளுக்குள் மறுபரிசீலனை கேட்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று பக்கத்துக்கு உருக்கமாக மனு எழுதி பி.டி.ஓ.வுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே வீடியோ காலில் வந்தார்.

"இத்தினி அழுகை எதுக்கோசரம்மா? அழுகையை எந்த இணைப்புலயும் சேத்துக்க மாட்டாங்க. அந்தச் சம்மதக் கடுதாசியக் காட்டு."

காட்டினேன்.

"திருப்பு."

திருப்பினேன். கடைசி வரி, கையெழுத்து, முத்திரை எல்லாம் பின்பக்கம் இருந்தன. அவர்கள் இல்லை என்றதும் நானும் அப்படியே நம்பியிருக்கிறேன்!

"ரெண்டு பக்கமும் ஏத்துனியா?"

"ஏத்துனேன் சார். ரசீதுல ரெண்டு பக்கம்னே இருக்குது."

"அப்புறம் என்னா? ஒரு பக்கம் பாத்துட்டு மூடிட்டாங்க. தப்பு அவங்களுது. நீ கெஞ்சாத, காட்டு. நாலே வரி."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடிதம் இரண்டு பக்கம். கையெழுத்து இரண்டாம் பக்கத்தில். இரண்டும் உங்களுக்கு வந்து சேர்ந்ததற்கு ரசீது இதோ. தயவுசெய்து பாருங்கள்.

"அடியில பி.டி.ஓ. போடட்டுமா சார்?"

"வேணாம்மா. வெள்ளைக்காரன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கீழ போட்டுடுவான்."

சில வாரங்களில் முடிவை மாற்றி விசா கொடுத்தார்கள். போன் செய்தேன்.

"தெரிஞ்சதுதானே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்ப உன் சீட்டுல வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிடறேன்" என்றார்.

"என் சீட்டா?"

"மேனேஜர் ரெண்டு மூணு தடவ கேட்டாரு. நாந்தான் இருக்கட்டும்னு சொல்லி வச்சிருந்தேன். ஒருவேள நீ திரும்பி வந்தா எங்கம்மா போய் உக்காருவ?"

விசா கிடைத்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.