மேஸ்திரி முந்திக்கொண்ட மாத்திரை

பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளுவதுதான் மேஸ்திரியின் தொழில். நாலு மாடியைக் கண்டும் அசராத மனுஷனுக்கு, பல் பிடுங்கும் இடுக்கி என்றால் மட்டும் குலை நடுங்கும்.

போதாத காலம், வேலையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பில் வலு இல்லை என்று வாரம் ஒரு மாத்திரை எழுதிய எலும்பு டாக்டர், வாயில் இருந்த சொத்தைப் பல்லையும் பார்த்துவிட்டார்.

"முதல்ல அந்தச் சொத்தைப் பல்லை எடுத்துடுங்க. புண் ஆறினப்புறம் மாத்திரையை ஆரம்பிங்க. ஆரம்பிச்சிட்டா, பல் எடுத்த இடம் ஆறுறது சில பேருக்குச் சிக்கலாகும்."

மேஸ்திரிக்கு உள்ளூரக் குஷி. மாத்திரையை முந்திக்கொண்டு விழுங்கினால் பல் தப்பித்துவிடுமே!

"ஏம்மா, அந்த எலும்பு மாத்திரையை எடு. நாளைக்கே ஆரம்பிக்கணுமாம்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காய்ச்சல் மாத்திரைக்கே வீடு பூரா என்னை ஓட விடுவீங்க. நீங்களா கேக்கறீங்க?"

"உடம்பை நாமதானே பாத்துக்கணும்?"

"அதுவும் சரிதான். காலையில நானே தர்றேன்."

மருந்துச் சீட்டில் எழுதியிருந்தபடியே காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அன்று மாலை பல் டாக்டரம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

"பல்லை எடுக்க முடியாது டாக்டர். எலும்பு மாத்திரை போட ஆரம்பிச்சிட்டேன். நம்ம கையில என்ன இருக்கு?"

"சொன்னது நல்லதாப் போச்சு. மாத்திரை போடறவங்களுக்கும் எடுக்கலாம். கூடுதல் கவனமா எடுத்துட்டு, ஆறுற வரைக்கும் பாத்துப்போம்."

மேஸ்திரியின் முகம் தொங்கிப்போனது.

"அதுக்கும் அவசியமில்ல டாக்டர்," என்றாள் மனைவி. "இவர் ஆசையா மாத்திரை கேட்டதுமே சந்தேகம். எலும்பு டாக்டருக்குப் போன் போட்டேன். இவர் முழுங்கினது என் சத்து மாத்திரை. எலும்பு மாத்திரை பீரோவுல பத்திரமா இருக்கு."

"அடிப்பாவி! கட்டின புருஷனையே ஏமாத்தறியா?"

"ஏமாத்தலாம்னு ஆரம்பிச்சது யாரு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்ப ரொம்ப நல்லது. மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கெட்டுப்போன பல் எல்லாத்தையும் முடிச்சிடறதுதான் புத்திசாலித்தனம்."

"எல்லாத்தையுமா?" என்றாள் மனைவி. "அப்ப மேல ஒண்ணு ஆடுது டாக்டர். ஒரு மாசமா என்கிட்ட மறைக்கிறார்."

"பொய்!" என்று கத்த வாயைப் பிளந்தார் மேஸ்திரி.

"அப்படியே வெச்சிருங்க," என்றார் டாக்டரம்மா.