கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. சுற்றுலாத் துறையின் ஆய்வுக் குழுவில் ஒப்பந்தத்தில் எழுத்து வேலை பார்த்த ஜெகதீஷ், சூளகிரி பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னது. அவன் கூட்டிச் சொல்கிறவன் அல்ல. இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2006 மார்ச்சில் கோவிந்தப்பனின் மாந்தோப்பில் ஒரு காட்சிக் கோபுரம் திறக்கப்பட்டது. பெங்களூர்க்காரர்கள் விடுமுறையில் வந்து, மேலே ஏறி, மாங்காய் தொங்குவதைக் கண்டு மகிழ்வார்கள் என்பது திட்டம். கோவிந்தப்பன் மூன்று சென்ட் நிலத்தைச் சும்மா எழுதிக் கொடுத்தார். கோபுரம் வந்தால் தார் ரோடு வரும். ரோடு வந்தால் மாங்கூழ் ஃபேக்டரி லாரி தோப்புக்குள்ளேயே வரும். அந்தக் காய்தான் வீட்டின் வருஷ வரும்படி.

ரோடு வந்தது, பழைய வண்டிப்பாதையின் மேலேயே. கூடவே ஒரு சங்கிலியும் பலகையும் வந்தன: ‘சுற்றுலாச் சாலை. கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை.’

ஜூனில், காய் பறிக்கும் நேரத்தில், சுற்றுலாவால் உள்ளூர் மக்கள் அடைந்த நீண்டகாலப் பொருளாதாரப் பயனை மதிப்பிட அதிகாரி அண்ணாதுரை ஜீப்பில் வந்து இறங்கினார்.

“தொறந்தே மூணு மாசந்தானுங்களே சார்?” என்றார் கோவிந்தப்பன்.

“நாப்பதால பெருக்கினா பத்து வருஷம். அதை நாங்க பாத்துக்கறோம். சுற்றுலாவுக்கு முன்னாடி என்ன தொழில்?”

“மாங்கா.”

“இப்ப?”

“மாங்காதான்.”

அதிகாரியின் பேனா நின்றது. “மாற்றமே இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“இருக்குதுங்க. போன வருஷம் ட்ராக்டராவது போச்சு. வியாழக்கெழம லாரி வருது, அந்தச் சங்கிலிய மட்டும் அவுத்து உடச் சொல்லுங்க சார்.”

“மதிப்பீடு முடியற வரைக்கும் கள நிலவரத்தை மாத்தக் கூடாது. காயும் அப்படியே தொங்கணும். அதைப் பார்க்கத்தானே ஜனங்க வர்றாங்க?”

“எந்த ஜனங்க?” என்றாள் கோவிந்தப்பனின் மனைவி நாகம்மா. “கோபுரத்து மேல காக்காயத் தவிர எதும் ஏறல.”

அண்ணாதுரை வருகைப் பதிவேட்டை வரவழைத்தார். தானும் கையெழுத்திட்டு, டிரைவர் உட்பட உடன் வந்த நான்கு பேரையும் கையெழுத்திட வைத்தார். “இப்ப அஞ்சு பேர் வந்திருக்காங்க. எழுதிக்கோ ஜெகதீஷ்.”

வியாழக்கிழமை லாரி டிரைவர் பலகையைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். குழு மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. காய் பழுத்தது, பழம் விழுந்தது, ஈ மொய்த்தது. ஈ மொய்த்ததைப் ‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்று குறித்துக்கொண்டார்கள். ஆகஸ்டில், பன்னிரண்டாவது முறையாக, அதே கேள்வி.

“முன்னாடி என்ன தொழில்?”

“மாங்கா.”

“இப்ப?”

கோவிந்தப்பன் காலி மரங்களைப் பார்த்தார். “உங்க ஜீப்பு வந்தா சங்கிலிய அவுக்கறேன். போனா மாட்டறேன்.”

அண்ணாதுரையின் முகம் மலர்ந்தது. “விவசாயத்துலருந்து சேவைத் துறைக்கு! ஜூன்லருந்து இதைத்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்?”

“சம்பளம் உண்டுங்களா?” என்றாள் நாகம்மா.

“அது குறுகிய காலப் பயன்மா. இது நீண்டகால ஆய்வு.”

திட்டம் வெற்றி என்று அறிக்கை போனது. தார் ரோட்டைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர்கள், எங்களுக்கும் ஒரு கோபுரம் வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள்.

நம்ப முடியாமல் டிசம்பரில் நானே பஸ் ஏறிப் போனேன். பதிவேட்டில் அறுபது பெயர்கள். அதே ஐந்து கையெழுத்து, பன்னிரண்டு முறை. கோவிந்தப்பன் சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் பேனாவை நீட்டினார். மறுக்க மனம் வராமல் போட்டேன்.

அடுத்த வருட அறிக்கையையும் தேடிப் படித்தேன். அதில் ஒரு வரி புதிது: ‘அலுவலர் அல்லாத பயணிகளின் வருகையும் தொடங்கியுள்ளது.’