நாளை நடக்கும் என்றார் நிகழ்ச்சி அண்ணன்

தேனி மாவட்டத்தில் நடந்ததைச் செய்தியாக எழுதியவர்கள் எத்தனையோ பேர். செய்தியை முதலில் எழுதிவிட்டு, அது பொய்யாகிவிடக் கூடாதே என்று மறுநாள் ஓடிப்போய் அதை நடத்திவைத்தவர் ஒருவர்தான். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அல்லிநகரத்தில் எல்லாருக்கும் அவர் ‘நிகழ்ச்சி’. எங்களுக்கு ‘நிகழ்ச்சி அண்ணன்’.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். டிவி நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முதலாளி பாயின் எலக்ட்ரிக்கல் கடைக்கு மேலே ஒரு அறை. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட நீலத் துணி, ஒரு மேஜை, ஒரு கேமரா. ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்பதால் செய்தி நேரத்தில் அதை நிறுத்திவிடுவார்கள். மாலை ஏழு மணிக்கு நான் வேர்வையோடு “வணக்கம்” சொன்னால், அது அப்படியே நேரலையாக ஊர் முழுக்கப் போகும்.

செய்தியின் கடைசிப் பகுதி ‘நாளை நம்ம ஊரில்’. கண் மருத்துவ முகாம், பள்ளி ஆண்டு விழா, மின்தடை, கோயில் அன்னதானம் என்று மறுநாள் விவரங்களைச் சொல்ல வேண்டும். அதைச் சேகரித்து எழுதித் தருவதுதான் நிகழ்ச்சி அண்ணன் வேலை. அதற்கு முன்பு பருத்தி கமிஷன் மண்டியில் கணக்குப் பார்த்தவர். நெட்டையான ஆள். சைக்கிள் கேரியரில் எப்போதும் ஒரு துணி பேனரைச் சுருட்டிக் கட்டியிருப்பார். அதில் ‘வருக வருக’ என்று மட்டும் எழுதியிருக்கும். என்ன நிகழ்ச்சி, யார் நடத்துவது, எந்தத் தேதி, எதுவும் கிடையாது.

“எதுக்குண்ணே வெறும் வருக வருக?” என்று கேட்டேன்.

“பேரு போட்டா ஒரு நாளைக்குத்தான் ஆகும் தாயி. இது எல்லாத்துக்கும் ஆகும்ல?”

எல்லாவற்றுக்கும் ஆனது. ஒரு ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியருக்கு நடந்த இரங்கல் கூட்டத்துக்கும் ஆனது. மாலை போட்ட படத்துக்கு நேர் மேலே ‘வருக வருக’. முன்வரிசையில் ஒருவர் எழுந்துபோய் நிகழ்ச்சி அண்ணன் காதில் ஏதோ சொன்னார். நிகழ்ச்சி அண்ணன் யோசித்தார். பேனரின் ஒரு பாதியை உள்பக்கமாக மடித்துக் கட்டினார்.

“இப்ப ஒரு வருகதான் இருக்கு. அடக்கமாத்தான இருக்கு?” என்றார்.

இவருடைய நிஜமான கூத்து ஆரம்பமானது, நிகழ்ச்சியே இல்லாத ஒரு நாளில்தான். எங்கே சுற்றியும் மறுநாளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் “நாளை நிகழ்ச்சிகள் ஏதும் இல்லை” என்று எழுதிக்கொண்டேன். பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ஒரு ஊருல நாளைக்கு ஒண்ணுமே நடக்காதுன்னு டிவியில சொல்றதுக்கு நாம யாரு தாயி?” என்றவர், நான் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். நானும் வாசித்தேன். நாளை காலை பத்து மணிக்கு, எங்கள் கடைக்கு எதிரில் இலவச ரத்த வகை கண்டறியும் முகாம்.

மறுநாள் ஒன்பதரைக்கே கூட்டம் கூடிவிட்டது. ரத்தம் எடுக்கத்தான் ஆள் இல்லை. நிகழ்ச்சி அண்ணன் சைக்கிளை மிதித்துப் போய், ஒரு லேப் டெக்னீஷியனைக் காலை டிபனிலிருந்து பாதியில் எழுப்பி, கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். ‘வருக வருக’ கட்டினார். முகாம் நடந்தேவிட்டது. நடந்த ஒரே தகராறு, ஒரு கணவன் மனைவிக்குள் வந்ததுதான்.

“இம்புட்டு வருசமா ஒரே சட்டியிலதான சாப்பிடுறோம்? இவருக்கு மட்டும் எப்படி வேற ரத்தம்?” என்று அந்த அம்மா விடவேயில்லை. டெக்னீஷியன் இரண்டாவது முறையும் ஊசி குத்திக் காட்ட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு அண்ணனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. எலி ஒழிப்பு ஆலோசனைக் கூட்டம் என்றார். ஒருவர் பொறியில் மாட்டிய எலியை உயிரோடு கொண்டுவந்து, “இதுதான் சார் அது” என்று மேஜைமேல் வைத்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது. கோலப் போட்டி என்றார். தெரு நிறையப் பெண்கள் வந்துவிட்டார்கள். நடுவர் இல்லை. கடையில் உட்கார்ந்திருந்த பாயை இழுத்துவந்து நடுவராக்கினார். பாய் வாழ்க்கையில் கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போயிருக்கிறார், அவ்வளவுதான். கோட்டுக்கு மேல் கோடு பிசகாமல் இருந்த ஒன்றைக் காட்டி, “இதான் நல்லா இருக்கு” என்றார். அதைப் போட்டது மீசை வைத்த ஒரு ஓய்வுபெற்ற சர்வேயர். அளவு டேப் வைத்துப் போட்டிருக்கிறார். பெண்கள் சும்மா விடுவார்களா? பாய் கடை ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

“யோவ், இனிமே என்னைய எதுலயும் சேக்காத,” என்று அன்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

இப்படி ஒரு ஐப்பசியில்தான் ஓடைப் பாலத்து விவகாரம் வந்தது. எங்கள் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். குறுக்கே ஒரு தரைப்பாலம். நடுவில் சிமெண்ட் பெயர்ந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு ஓட்டை. மழை பெய்தால் தண்ணீர் பாலத்துக்கு மேலே போகும். ஓட்டை எங்கே என்பது ஞாபகத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தகப்பன்மார் தோளில் தூக்கிக் கடத்துவார்கள். மனு கொடுக்காத ஆள் கிடையாது. சிக்கல் என்னவென்றால் இந்தக் கரை ஒரு அலுவலகத்தின் எல்லை, அந்தக் கரை இன்னொன்றின் எல்லை. இங்கே கேட்டால் பாலம் அவர்களுடையது என்பார்கள். அங்கே கேட்டால் இவர்களுடையது என்பார்கள்.

ஒரு நாள் வேலைக்கு வரும்போது என் மொபெட்டின் முன்சக்கரம் அந்த ஓட்டையில் இறங்கியது. நான் விழுந்ததில் தாடையில் தையல். கீழே பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரை நினைத்தபோது, தையலோடு போனதே என்று இருந்தது. பிளாஸ்திரியோடு போய் நின்றேன். பாய் பதறிவிட்டார்.

“ஏம்மா, இந்த மூஞ்சியோட நியூஸ் வாசிச்சா ஊருக்குள்ள கலவரம்னு நெனைச்சுருவாகளே!”

நிகழ்ச்சி அண்ணன் பதறவில்லை. “எங்கன விழுந்த?” என்று மட்டும் கேட்டார்.

“ஓடைப் பாலத்துலண்ணே.”

செய்திக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது தாளைக் கொண்டுவந்து வைத்தார். நேரலையில் கடைசிப் பகுதிக்கு வந்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

“நாளை காலை பதினோரு மணிக்கு, புதிய பாலம் கட்டுவது தொடர்பாக ஓடைத் தரைப்பாலத்தில் பொறியாளர் நேரில் ஆய்வு. பொதுமக்கள் திரளாகக் கலந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

வாசிக்கும்போதே தையல் சுருக்கென்று இழுத்தது. கேமரா அணைந்ததும் ஓடினேன்.

“அண்ணே, பொறியாளர் வர்றேன்னு சொன்னாகளா?”

“இன்னும் சொல்லலை.”

“எந்த ஆபீஸ் பொறியாளர்னுகூட போடலையே. மறந்துட்டீகளா?”

“மறக்கலை தாயி,” என்றார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து இரண்டு அலுவலகத்திலும் போன் மணி ஓயவில்லை. ‘ஐயா எத்தனை மணிக்குக் கிளம்புறாக, சாப்பாடு சைவமா அசைவமா’ என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். பிற்பாடு இந்தக் கரைப் பொறியாளரே என்னிடம் சொன்னது இது. அவர் வீட்டுக்காரம்மா செய்தியைப் பார்த்துவிட்டு அவர் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாராம். “பாலம் பாக்கப் போறதை எங்கிட்டக்கூட சொல்லலை. டிவிக்காரகளுக்கு மட்டும் சொல்லுவீக,” என்று காபி தராமல் அனுப்பிவிட்டாராம்.

பதினோரு மணிக்குப் பாலத்தில் பந்தல், நாற்காலி, மைக் செட், டீ, ‘வருக வருக’. இரண்டு கரையிலும் ஜனம். இந்தப் பக்கம் ஒரு ஜீப் வந்து நின்றது. ‘நான் வருவதாக யாரிடமும் சொல்லவில்லை, இது எங்கள் பாலமே இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போக வந்த ஜீப் அது. ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கமும் ஒரு ஜீப். அதுவும் அதையே சொல்ல வந்த ஜீப்தான். இரண்டு பொறியாளர்களும் கோபமாக இறங்கி நடந்துவந்து, ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக நின்றார்கள். ஜனம் கைதட்டியது.

“சார், இது உங்களோடது,” என்றார் ஒருவர்.

“இல்ல சார், இது உங்களோடதுதான்,” என்றார் மற்றவர்.

நாங்கள் பூப்பந்து ஆட்டம் பார்ப்பதுபோல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிகழ்ச்சி அண்ணன் மைக்கை எடுத்தார். குரலில் அத்தனை பணிவு.

“ஐயாமார் ரெண்டு பேரும் சிரமம் பாக்காம வந்து, இது தங்களுது இல்லைன்னு சொல்லிட்டாக. ரொம்ப சந்தோசம். யாருதும் இல்லாத பாலம்னா, நாங்களே இன்னைக்கு இதை இடிச்சுப் போட்டுட்டு வேற கட்டிக்கிடுறோம். ஏலே, அந்தக் கடப்பாரைய எடுத்தாங்கடா!”

“அதெப்படி? கவர்மெண்ட் பாலத்துல நீங்க எப்படிய்யா கை வைப்பீங்க?” இரண்டு பொறியாளர்களும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கேட்டார்கள்.

மறுபடி கைதட்டல். இந்த முறை நிற்கவேயில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கரைக்காரருக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. டேப் வந்தது, அளந்தார்கள். எல்லைக்கோடு பாலத்தின் நடுவில் ஓடுகிறது, பாதி இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு என்று தெரிந்தது. பாதிப் பாலம் கட்ட முடியாதாகையால் சேர்ந்தே எழுதி அனுப்புவதாக ஒத்துக்கொண்டு டீ குடித்தார்கள்.

ஆனால் அந்தக் கரைப் பொறியாளருக்குக் கோபம் ஆறவில்லை. சாயங்காலம் பாய்க்கு போன் போட்டார். பொய்ச் செய்தி, கலெக்டர் ஆபீசில் புகார் என்று ஏதேதோ சொன்னார். பாய் உடனே நிகழ்ச்சி அண்ணனைக் கூப்பிட்டார்.

“ஒன்னால என் கடைக்கே பூட்டு விழுந்துரும்போல இருக்கு. நீ நாளையிலருந்து வர வேணாம்யா.”

அவர் சண்டை போடவில்லை. “சரி பாய். நீங்க புள்ளகுட்டிக்காரக,” என்றார். பந்தலைப் பிரித்துவிட்டுப் பாலத்திலிருந்து நேராக வந்ததால் செருப்பெல்லாம் சேறு. அதைப் படியிலேயே தட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்காக வேலையை இழந்தவர். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று செய்தியை எப்படி வாசித்தேன் என்றே தெரியவில்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் “நாளை நிகழ்ச்சிகள் ஏதும் இல்லை” என்றுதான் வாசித்தேன். ஜனங்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். “ஏம்மா, நாங்கல்லாம் உசுரோடதான இருக்கோம்? ஒண்ணும் இல்லைன்னே சொல்றீக?” என்று ஒரு பெண் அழாத குறையாகக் கேட்டார். கோலப் போட்டி அடுத்து எப்போது என்று சர்வேயர் நேரிலேயே வந்தார். கலெக்டர் ஆபீசிலிருந்து புகார் எதுவும் வரவுமில்லை. கடைசியில் பாயே என்னையும் கூட்டிக்கொண்டு நிகழ்ச்சி அண்ணன் வீட்டுக்குப் போனார்.

“வந்து தொலை. ஆனா ஒண்ணு. நடக்கப்போறதை மட்டுந்தான் சொல்லணும்,” என்றார் பாய்.

“நடத்தப்போறதையும் சொல்லலாம்ல பாய்?”

பாய் ஒரு விரலை நீட்டினார். “சரி. மொதல்ல ஆளப் புடி. பெறகு சொல்லு.”

அதன்படியே நடந்தது. சில வருடங்களில் வீட்டுக்கு வீடு டிஷ் ஆண்டெனா வந்து, உள்ளூர் செய்தியைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. நிலையத்தை மூடினோம். நான் கல்யாணமாகி வெளியூர் வந்துவிட்டேன். நிகழ்ச்சி அண்ணன் கம்பத்தில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். போய் ஒரு மாதத்தில் அந்தத் தெருவில் ரத்த வகை முகாம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

பாலம் திறந்த நாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கட்டி முடிக்க அடுத்த வருடம் ஆயிற்று. திறப்பு விழாவில் மேடை நிறைய ஆட்கள். பாலம் வரக் காரணம் தாங்கள்தான் என்று எல்லாரும் பேசினார்கள். கல்லில் பெயர்களும் நிறைய. நிகழ்ச்சி அண்ணனை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசி வரிசையில் வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்து, எல்லாப் பேச்சுக்கும் கைதட்டினார்.

கார்கள் போய்விட்டன. பந்தல்காரர்கள் நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் வந்தார்.

“தாயி, அந்த வண்டியில ஒருக்கா போயிட்டு வா. நான் இங்கன நின்னு பாக்குறேன்.”

மொபெட்டைக் கிளப்பினேன். பாலம் வழவழவென்று இருந்தது. அக்கரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அந்த நெட்டை மனிதர் பாலத்தின் நடுவில், பழைய ஓட்டை இருந்த இடத்தில் நின்று, விழுந்தால் பிடித்துக்கொள்வதற்குத் தயாராக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டி இக்கரை வந்து வண்டியை நிறுத்தும்வரை கையை இறக்கவில்லை.

“சரியா இருக்கா?” என்று கேட்டார்.

சரியாகத்தான் இருந்தது. “தெரியலண்ணே,” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை போய் வந்தேன்.